இரண்டு உபவிதிகள் சந்தித்துக்கொண்ட ஒழுங்கை

எங்கள் நகர சபையின் சட்டங்கள் எல்லாம் ஓர் இரும்பு அலுமாரிக்குள் கிடந்தன. அதைத் திறக்க ஓர் ஆள் போதாது. ஒருவர் கைப்பிடியை இழுக்க, இன்னொருவர் அடியில் ஓர் உதை விட வேண்டும். நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த நாளிலிருந்து உதைக்கிற வேலை என்னிடமே இருந்தது. எனக்கு வருகிற கோபத்துக்கு அது பொருத்தமான வேலை என்று சபைக் கந்தோரில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை.

சபை உண்டான காலம் தொட்டு, தலைமை நாற்காலிக்கு வந்த ஒவ்வொரு தவிசாளரும் தன் பங்குக்கு இரண்டு மூன்று உபவிதிகளை நிறைவேற்றிவிட்டுத்தான் போயிருந்தார். சந்தைக்கு ஒன்று, சலூனுக்கு ஒன்று, பேக்கரிக்கு ஒன்று, நாய்க்கு மூன்று. நாய்க்கு மட்டும் ஏன் மூன்று என்று யாருக்கும் தெரியாது. முதலாவது, நாயைக் கட்டி வைக்கச் சொன்னது. இரண்டாவது, கட்டி வைப்பது வதை என்றது. மூன்றாவது, முதல் இரண்டையும் பற்றிக் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. கண்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். தன் சட்டம் என்னவென்று தனக்கே தெரியாமல் அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புதிய செயலாளர் வந்தார். பிலிமத்தலாவைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருகிற சிங்களப் பெண்மணி. மேசையில் பென்சில்கூட நேராகக் கிடக்க வேண்டும் அவருக்கு. வந்த வாரத்திலேயே யாரோ ஒருவர் பக்கத்து வீட்டு நாயைப் பற்றி முறைப்பாடு கொண்டுவர, நாங்கள் அலுமாரியை உதைத்துத் திறந்து மூன்று சட்டங்களையும் அவர் முன்னால் வைத்தோம். அவர் மூன்றையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு, இருக்கிற எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக்க வேண்டும் என்றார். செத்த சட்டங்களை எடுத்துவிட்டு, உயிரோடு இருப்பவற்றைத் திருத்தி, சிங்களத்திலும் தமிழிலும் ஒரே மாதிரி அச்சிட வேண்டுமாம். தமிழ்ப் பாதி என் தலையில் விழுந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பப் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்த மாதங்களில் சிரித்த அளவுக்கு நான் கந்தோரில் எப்போதும் சிரித்ததில்லை. மாட்டுவண்டிக்காரர் வண்டியின் அடியில் விளக்குக் கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எங்கள் ஊரில் கடைசி மாட்டுவண்டியைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை. பொதுக் குழாயடியில் பல் துலக்குகிறவர் தண்ணீருக்கு நிற்கும் மற்றவரோடு கதைத்துக் காலம் கடத்தலாகாது என்று ஒரு விதி. கடைவீதி வழியாக யானையைக் கொண்டு போகிறவர் அதற்கு முன்னால் மணியோடு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று இன்னொன்று. ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று என் அப்பா சொல்லும்போதெல்லாம் அதை வெறும் பழமொழி என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் அதை மீறினால் தண்டமாம். இதைச் செயலாளருக்கு விளக்கியபோது அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். ஆனால் அந்த விதியை எடுக்க விடவில்லை. பெரஹரா ஊர்வலக் காலத்தில் யானைகள் இன்னும் எங்கள் வழியாகத்தான் கண்டிக்குப் போகின்றன, மணி இருந்தால் நல்லதுதானே என்றார்.

இப்போது எங்கள் ஒழுங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து, வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது சபைக்குப் பின்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஓர் அறையும் குசினியும் கிடைத்தன. வாகனம் நுழையாத மண் பாதை. மழை பெய்தால் சவர்க்காரம் தடவியது போல வழுக்கும். அதற்கு எழுத்தில் பெயர் கிடையாது. தபால்காரர் முதல் எல்லோரும் கராம்பு ஒழுங்கை என்பார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் என் பக்கத்து வீட்டு ராத்தா.

ராத்தாவுக்கும் எனக்கும் ஒரே வயது. அவர் இரண்டு மாதம் மூத்தவர். அந்த இரண்டு மாதத்துக்காகவே நான் அவரை அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அக்குறணையில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் லொறி ஓட்டினார். முதுகு விட்டுப்போய் அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, அந்த வீடு ராத்தாவின் கராம்பில்தான் ஓடுகிறது. வீட்டுக்குப் பின்னால் சில மரங்கள் நிற்கின்றன. அது போக, சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் கராம்பு பறித்தாலும் பச்சையாகவே வாங்கி, காம்பு கிள்ளி, காயவைத்து, மாத்தளை வியாபாரி ஒருவருக்குக் கொடுப்பார்.

பச்சைக் கராம்பு பொறுமையில்லாத சாமான். பறித்த மறுநாளே நல்ல வெயில் கிடைக்காவிட்டால் வேர்த்து, வெளுத்து, சுருங்கிப்போகும். அப்புறம் வியாபாரி அதைக் கையால்கூடத் தொட மாட்டார். ராத்தாவின் வீடோ மலைக்கு அடியில் இருக்கிறது. முற்றத்து வெயில் பத்து மணிக்கே எழுந்து போய்விடும். நாள் முழுக்க வெயில் விழுகிற ஒரே இடம் ஒழுங்கைதான். ஆகவே கராம்புக் காலத்தில் ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுக்கப் பாய் விரிந்திருக்கும், மறுபக்கத்தால் நாங்கள் ஒற்றை வரிசையில் நடப்போம். முதல் நாள் பச்சையும் சிவப்புமாகக் கிடப்பது நாலைந்து நாளில் கறுத்துக் கலகலக்கும். அந்த வாசனை எங்கள் துணி, தலையணை, தேநீர் எல்லாவற்றிலும் ஏறிவிடும். கந்தோரில் என் கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து மழை சொல்லிவிட்டு வருகிற மழை இல்லை. அதற்காக ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் துளி விழுந்ததும், அந்த நேரத்தில் யார் அவ்வழியே போனாலும் சரி, யாருடைய பாயானாலும் சரி, குனிந்து சுருட்டிப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குள் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். காஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர்கூட அதை இறக்கி வைத்துவிட்டுச் சுருட்டுவார். எனக்கு அது தெரியாது. குடிவந்த முதல் வாரம், தூறல் விழுந்ததும் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். ராத்தா வாசலுக்கு வந்து, என் கையிரண்டும் தங்கத்தில் செய்ததா என்று கேட்டார். நான் சும்மா இருப்பேனா? என் தோட்டத்து வாய் திறந்துகொண்டது. இரண்டு பேரும் ஒழுங்கைக்கே கேட்கும்படி சண்டை பிடித்தோம். சண்டை பிடித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கமாகப் பாய்களைச் சுருட்டினோம். கடைசிப் பாய் உள்ளே போனபோது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம், எனக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ கிடைத்தது. அன்றிலிருந்து அந்த வீடு எனக்குப் பாதி வீடு.

ராத்தாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட வேண்டும். கணவர் இரண்டு தடவை வழுக்கி விழுந்தது ஒரு காரணம். கொங்கிரீட்டின் சூட்டில் கராம்பு இரண்டே நாளில் காயும் என்பது பெரிய காரணம். வருடா வருடம் சபைக்குக் கடிதம் கொடுப்பார். வருடா வருடம் ஒரே பதில்தான் போகும். அந்த ஒழுங்கை சபையின் வீதிப் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாத பாதைக்குச் சபை மண்வெட்டியைக்கூடத் தூக்க முடியாது. அந்தப் பதிலைச் சில வருடங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். எழுதிய அன்று ராத்தா வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டேன்.

புத்தகத்துக்கு வீதிப் பட்டியல் தயாரிக்கும்போது அலுமாரியின் அடித்தட்டில் நில அளவையாளர் ஒருவர் எப்போதோ போட்ட படம் ஒன்று அகப்பட்டது. அதில் எங்கள் ஒழுங்கை இருந்தது. மெல்லிய இரட்டைக் கோடு, பக்கத்தில் பொதுவழி என்று எழுத்து. படத்தைத் தூக்கிக்கொண்டு செயலாளரிடம் ஓடினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சரிதான், இது சபையின் வழிதான், பட்டியலில் சேருங்கள் என்றார். கராம்பு ஒழுங்கை என்று நானே சேர்த்தேன். சந்தோஷத்தில் அன்று மத்தியானச் சோற்றை மறந்துவிட்டேன்.

ராத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் உள்ளே போய், மறுநாள் விருந்தாளிகளுக்கென்று செய்து வைத்திருந்த வட்டலப்ப இனிப்பைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தார். விருந்தாளிகளுக்கு என்ன கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

வரைவு முடிந்ததும் அதைப் பொது நூலகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தோம். ஆட்சேபணை இருப்பவர்கள் எழுதித் தரலாம், பிறகு ஒரு நாள் சபை மண்டபத்தில் எல்லாம் கேட்கப்படும் என்று அறிவித்தல் போட்டோம். உபவிதியை யார் வாசிக்கப் போகிறார்கள்? நூலகத்தில் அதன் மேல் தூசு படியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ராத்தா போனார். ஒழுங்கையின் பெயரை அச்சில் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர், பார்த்த பிறகு எழுந்து வரவில்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, நாய், யானை, சலூன் ஒன்றையும் விடாமல் மூன்று நாள் உட்கார்ந்து முழுவதையும் வாசித்திருக்கிறார். எங்கள் ஊரில் அந்தப் புத்தகத்தை முழுதாக வாசித்தது செயலாளர், நான், ராத்தா ஆகிய மூன்று பேர்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. போனில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். வீதிப் பட்டியல். எங்கள் ஒழுங்கை. நான் சிரித்தேன். விரலால் தள்ளி இரண்டாவது படத்தைக் காட்டினார்.

"இதையும் வாசிங்க," என்றார்.

பொது வீதி எதிலும் தானியம், தோல், மீன், வாசனைத் திரவியம் முதலிய எதனையும் உலர்த்துதல் ஆகாது.

அது நான் மொழிபெயர்த்த வரி. ஓசை நன்றாக விழுந்திருக்கிறது என்று பெருமைப்பட்ட வரி. எப்போதோ கடைவீதியில் தோல் காயவைத்து நாறடித்தவர்களுக்காகச் செய்த சட்டம் அது. அலுமாரியில் அது மேல்தட்டில் கிடந்தது, ஒழுங்கையின் படம் அடித்தட்டில் கிடந்தது. இத்தனை காலமும் ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. ஒழுங்கை வீதியாக இல்லாதவரை அந்தச் சட்டம் ராத்தாவின் பாயைத் தொட முடியாது. ஒழுங்கையை வீதியாக்கியவள் நான். இரண்டையும் ஒரே புத்தகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தவளும் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டிக்குச் சேலை கட்டினால் நான்.

குற்றம் என் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். இதையெல்லாம் யார் வந்து பார்க்கப் போகிறார்கள், நானும் செயலாளரும் இருக்கும்போது உங்கள் பாயில் யார் கை வைப்பார்கள் என்று கத்தினேன்.

"இன்டைக்கி நீங்க ஈக்கிறீங்க," என்றார் ராத்தா. "நாளைக்கி வாற ஆபீசருக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. அவரு பொத்தகத்தத்தான் பாப்பாரு."

அப்படியானால் ஒழுங்கையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். கொங்கிரீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டார். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் எப்படி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தனக்கு மீசை இல்லை, நாலு பாய்தான் இருக்கிறது என்றார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆட்சேபணைக் கடிதத்தையாவது நான் எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன்.

"நீங்க எழுதினது போதும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சொல் என்னை அறுத்தது. உபகாரம் என்று நினைத்து ஒரு வீட்டின் அடுப்பிலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மறுநாள் செயலாளரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், கண்ணும் கலங்கிவிட்டது. அவர் கொஞ்சமும் பதறவில்லை. இதற்குத்தானே ஒரே புத்தகமாக்குகிறோம், எந்தச் சட்டம் எதோடு மோதுகிறது என்று இப்போதாவது தெரிந்ததே என்றார். ஆனால் உலர்த்தும் விதியை அப்படியே எடுத்துவிட அவர் சம்மதிக்கவில்லை. கடைவீதியில் மிளகும் நெல்லும் பரப்பினால் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஆள் சாகும் என்றார். அதுவும் நியாயம்தான். வழி ஒன்றை யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள், விசாரணை நாளில் பார்ப்போம் என்றார். நானும் யோசித்தேன். கணினியில் தட்ட மனம் வரவில்லை. வெள்ளைத் தாளில் என் கையாலேயே எழுதினேன், நாலு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாம் தடவை.

விசாரணை நாளன்று மண்டபத்தின் பின்வரிசைக் கதிரைகளை எங்கள் ஒழுங்கையே நிரப்பிவிட்டது. ராத்தாவின் கணவர்கூட முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தவிசாளரும் உறுப்பினர்களும். தவிசாளர் மருந்துக் கடை வைத்திருக்கும் சாதுவான மனிதர், எந்தப் பிரச்சினையும் தேநீர் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்று விரும்புகிறவர். சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் நான் நிற்க வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

ராத்தாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். ஆனால் சண்டை என்று வந்தால் அவருக்குத் தமிழ்தான் வேண்டும். எழுந்து நின்று கடதாசியை விரித்து, தமிழில் தொடங்கினார். இந்தப் பொத்தகத்தை எழுதியவருக்குப் படிப்பு இருக்கிறது, யோசனை இல்லை என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவருக்கு வட்டலப்பம் தின்னத் தெரியும், தின்ற வீட்டுக்கு என்ன நடக்கும் என்று பார்க்கத் தெரியாது என்றார். அதையும் சொன்னேன். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரைச் சொல்கிறார் இவர் என்று தவிசாளர் சிங்களத்தில் கேட்க, அதை நான் தமிழாக்கி ராத்தாவிடம் கேட்டேன்.

"உங்களத்தான்," என்றார் ராத்தா.

நான் தவிசாளர் பக்கம் திரும்பி, "என்னைத்தான் சொல்கிறார், ஐயா," என்று சிங்களத்தில் சொன்னேன். மண்டபம் சிரித்தது. பின்வரிசை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது. ராத்தாவின் உதடும் ஒரு பக்கமாக இழுபட்டது, உடனே சரிசெய்துகொண்டார்.

தவிசாளர் தேநீரை நினைத்துக்கொண்டு சுலபமான வழியைச் சொன்னார். ஒழுங்கையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும், யாருக்கும் கரைச்சல் இல்லை. பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ராத்தா கையிலிருந்த கடதாசியை மடித்தார். அத்தனை வருடக் கடிதங்களும் அந்த ஒரு வார்த்தையில் குப்பைக்குப் போவதை அவர் முகத்தில் பார்த்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் வாயால் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அது தெரிந்தும், எனக்கே பேச அனுமதி வேண்டும் என்று கேட்டேன். செயலாளர் தலையசைத்தார்.

பிழை என்னுடையது என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். பிறகு தாளை எடுத்து வாசித்தேன். வாகனம் போகாத ஒழுங்கைகளைத் தனி அட்டவணையாகப் போடலாம். அங்கே அறுவடைக் காலத்தில், வெயில் நேரத்தில், ஆள் நடக்க மூன்று அடி விட்டு, ஒரு பக்கமாக உலர்த்தலாம். கடைவீதிக்குத் தடை அப்படியே இருக்கட்டும். செயலாளர் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். திடீரென்று மழை வந்து பாயெல்லாம் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

அதற்கும் இருக்கிறது என்று இரண்டாம் பகுதியை வாசித்தேன். மழை தொடங்கும் வேளையில் அவ்வொழுங்கை வழியே செல்லும் எவரும், பாய் எவருடையது என்று பாராமல், அதனைச் சுருட்டி அருகிலுள்ள தாழ்வாரத்தில் சேர்த்தல் வேண்டும். நாலு தடவை கிழித்துப் போட்டதும் அந்த வரிக்காகத்தான். சிங்களத்தில் சொல்லி முடித்ததும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். இப்படி ஒரு சட்டம் எந்த ஊரிலும் இருக்காது, கண்டியிலும் பேசப்படும் என்று தவிசாளர் மகிழ்ந்துபோனார். சுருட்டாமல் போகிறவருக்கு என்ன தண்டம் போடலாம் என்று செயலாளர் யோசிக்கத் தொடங்கினார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ராத்தாவைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"மொதல் பகுதி நல்லம். போடுங்க," என்றார். "ரெண்டாவத எடுங்க."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று தோன்றியது. செயலாளர் பொறுமையாக, இது உங்கள் நன்மைக்குத்தானே என்றார். இந்தத் தடவை ராத்தா அவரைப் பார்த்தே, ஆனால் தமிழிலேயே பேசினார். குரலில் சண்டை இல்லை.

"பாய் என்ட. கானுக்குள்ள போனா நான் பொறுப்பு, அத எழுதுங்க. ஆனா மத்தவங்க சுருட்டுறத எழுதாதீங்க. இப்ப மழ வந்தா, யாரு என்ட பாயச் சுருட்டினாங்கன்டு எனக்குத் தெரியும். எனக்காகத்தான் சுருட்டினாங்கன்டும் தெரியும். பொத்தகத்துல போட்டா, எனக்காகச் சுருட்டினதா, தண்டத்துக்குப் பயந்து சுருட்டினதா என்டு தெரியாமப் போயிரும். அது எனக்குத் தெரியணும், மிஸ்."

இதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். பாதியில் நின்றுவிட்டேன். உத்தியோகத்தில் அப்படி எனக்கு நடந்ததே இல்லை. செயலாளர் கையை உயர்த்தி, வேண்டாம், விளங்கியது என்றார். அவருக்கு அவ்வளவு தமிழ் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். தன் பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் என் கையெழுத்தில் இருந்த இரண்டாம் பகுதியின் மேல் ஒரு கோடு போட்டு, பாயின் உரிமையாளரே பொறுப்பு என்று கீழே எழுதினேன். தவிசாளர் ஏற்றுக்கொள்கிறோம் என்றார். தேநீர் வந்தது. பின்வரிசை முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. ராத்தாவின் கணவர் முதுகை மறந்து எழுந்ததைப் பார்த்து ராத்தா அங்கிருந்தே ஏசினார்.

எல்லோரும் போன பிறகு நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ராத்தா நேரே மேசைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கேட்க விடவில்லை. அந்தக் கோடு போட்ட தாளைத் தரும்படி கேட்டார்.

இது சபையின் ஆவணம், கோப்பில் சேர வேண்டியது, வேண்டுமானால் போட்டோக் கொப்பி எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"கொப்பி வேணாம்," என்றார். "அந்த ரெண்டாவது பகுதிய நீங்க எனக்குன்டு எழுதினீங்க. சட்டமா வேணான்டுதான் சொன்னேன். எழுதினது எனக்கு வேணும்."

நான் கதவைப் பார்த்தேன். செயலாளர் தன் அறையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாளைப் பிரதி எடுத்து, பிரதியில் சபை முத்திரையைக் குத்தி, கோப்பில் போட்டேன். என் கையெழுத்துள்ள தாளை ராத்தா நாலாக மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது புத்தகம் அரசாங்க வர்த்தமானியில் வந்துவிட்டது, கொங்கிரீட்டும் போட்டாயிற்று, கணக்காய்வுக்காரர்களும் வந்து போய்விட்டார்கள். கோப்பில் இருப்பது கொப்பி என்பதை இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை.